பச்சை ஆல்பத்தில் என் படம்

உட்காரலாமா மேடம்? நன்றி. முதலில் நாட்டில் பரவியிருக்கும் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. அதைத் திருத்தாமல் மேலே பேசுவதில் பயனில்லை. கல்யாணங்கள் வரதட்சணையால் நின்றுபோகின்றன என்று எல்லோரும் நம்புகிறார்கள். பத்திரிகையில் எழுதுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டி வைக்கிறார்கள், முதல் பரிசாக எவர்சில்வர் டப்பா கொடுக்கிறார்கள். அத்தனையும் பிழை. வரதட்சணை வேண்டாம் என்று சபை நடுவில் எழுந்து நின்று சொன்ன ஒருவனின் கல்யாணம் நின்றிருக்கிறது. சான்றுக்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். உங்கள் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

அம்பலவாணன், மேடம். பொருளாதார விரிவுரையாளர். ஞாபகம் வந்துவிட்டதா? போன சித்திரையில் உங்கள் திருமணத் தகவல் மையத்தில்தான் பதிவு செய்தேன். அந்தப் பச்சை ஆல்பம் இருக்கிறதே, ‘எதிர்பார்ப்பு இல்லை’ என்று சீட்டு ஒட்டியிருப்பது, அதில் என் படம் முதல் பக்கத்தில் இருந்தது. பக்கத்தில் இருக்கிற பழுப்பு ஆல்பத்தை, ‘பேசிக்கொள்ளலாம்’ என்று ஒட்டியிருப்பதை, நான் கையால்கூடத் தொட்டதில்லை. பழுப்பு தடியாக இருக்கிறது, பச்சை ஒல்லியாக இருக்கிறது. நம் சமூகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவன் ஊர் ஊராகப் போக வேண்டியதே இல்லை. உங்கள் அலமாரிக்கு ஓர் அளவுகோலோடு வந்தால் போதும்.

வந்த விஷயத்தைச் சொல்கிறேன். மறுபடியும் என் படத்தைப் பச்சையில் வைக்க வேண்டும். இனிமேல் என் ஜாதகம் கேட்டு வருகிறவர்கள், முதலில் செய்த நிச்சயம் ஏன் நின்றது என்று உங்களைத்தான் கேட்பார்கள். நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் எனக்குக் கல்யாணம் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. பெண் வீட்டார் உங்களிடம் ஏதாவது சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். நான் சொல்வதையும் முழுக்கக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெண்ணின் பெயர் பூங்கோதை. ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். அப்பா இல்லை. தாய்மாமன்தான் வளர்த்தவர், சிங்காரம் என்று பெயர், தொட்டியத்தில் வாழை இலை மண்டி. சட்டையில் எப்போதும் வாழைக்கறை. நிச்சயதார்த்தத்துக்கும் கறைச் சட்டையோடுதான் வந்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். புதுச் சட்டைதான், ஆனால் அதிலும் கறை. வழியில் எங்கேயோ ஒரு தோட்டத்தில் குலை பார்க்க இறங்கினாராம்.

அந்தச் சபையில்தான் எழுந்து நின்றேன். “ரொக்கமாகவோ நகையாகவோ ஒரு குண்டுமணி நான் எதிர்பார்க்கவில்லை. கல்யாணச் செலவு ஆளுக்குப் பாதி” என்றேன். சபையில் எல்லோரும் கைதட்டினார்கள். நிச்சயதார்த்தத்தில் கைதட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சிங்காரம் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு என் சட்டையிலும் கறை.

“மாப்ள, நீங்க மனுசன்” என்றார். “ஆனா ஒண்ணு. நீங்க வேணாம்னாலும் தாய்மாமன் சீரை நான் விட மாட்டேன். வாசல்ல குலை தள்ளுன வாழமரம் ரெண்டு, ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி. எலை பூரா நம்ம எலை. மேளம் நம்ம மேளம். கட்டில், பீரோ, குத்துவெளக்கு, தட்டு வரிசை எல்லாம் மாமன் பொறுப்பு. அதுல மட்டும் பாதி கீதின்னு பேசக் கூடாது, ஆமா.”

நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். பாருங்கள், அங்கேயே ஒரு பாடம் நடத்தியிருக்க வேண்டும். பண்பு காரணமாக நடத்தவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் நானும் பூங்கோதையும் உட்கார்ந்து செலவுத் திட்டம் போட்டோம். நிச்சயமான ஜோடிகள் மலைக்கோட்டைக்குப் போவார்கள், முக்கொம்புக்குப் போவார்கள், ஒரே டம்ளரில் ரோஸ்மில்க் குடிப்பார்கள். நாங்கள் வேலை பார்த்தோம். அவரவர் டீக்கு அவரவர் பணம். அவளுக்கும் அது பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். “நல்லதுங்க, மாமாவுக்குப் பாரம் கொறையும்” என்று அவளே சொன்னாள். முதல் இரண்டு மூன்று வாரம் அவளைப் போல ஒரு மாணவி எனக்கு வகுப்பில்கூடக் கிடைத்ததில்லை.

செலவுப் பட்டியலில் என்னென்ன அடித்தோம் தெரியுமா? வாசலில் ஜிகினா உடையில் நின்று ஜூஸ் கொடுக்கும் பெண்கள், அடித்தாயிற்று. ஜூஸ் குடிக்க ஊரிலிருந்து யாரும் பஸ் ஏறி வருவதில்லை. மேலே பறந்து படம் எடுக்கும் டிரோன், அடித்தாயிற்று. மேலே இருந்து எடுத்தால் என் வழுக்கைதான் விழும், அதற்கு நான் பணம் கொடுக்க வேண்டுமா? மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் செதுக்குவது, அடித்தாயிற்று. மண்டபத்துக்கு வந்தவனுக்கு யார் கல்யாணம் என்று தெரியாவிட்டால் அவன் சாப்பிட மட்டும் வந்தவன். பூங்கோதை சிரித்துக்கொண்டே இருந்தாள். நன்றாகச் சிரிப்பாள், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

முதல் சுணக்கம் அவளுடைய லேப் ஆட்களிடத்தில் வந்தது. அவர்களை நான் அடித்தேன். கோபமில்லை மேடம், கணக்கு. ஒரு விருந்தாளி என்றால் ஓர் இலை. அந்த இலைக்கு எதிரே ஒரு மொய். உறவுக்காரன் மொய் எழுதுவான், ஏனென்றால் நாம் எழுதியிருக்கிறோம். என் கல்லூரி ஆட்கள் எழுதுவார்கள், ஏனென்றால் அத்தனை பேர் கல்யாணத்துக்கும் போய் நான் எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரி ஆட்கள் என்ன செய்வார்கள்? எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம் கொண்டுவருவார்கள். ஒரு ஷிப்ட் முழுக்கச் சாப்பிடும், அடுத்த ஷிப்ட் ராத்திரி வந்து சாப்பிடும், கையில் அந்த ஒரே கடிகாரம். இதை நான் நயமாகத்தான் விளக்கினேன்.

“அவங்க வராட்டி என் பக்கம் யாருங்க வருவா?” என்றாள்.

“உன் மாமா வருவார்” என்றேன்.

“மாமா சாப்பிட மாட்டாரு. பந்தி கவனிப்பாரு.”

“ஆக, ஓர் இலை மிச்சம்” என்றேன். நகைச்சுவைக்காகச் சொன்னது. அவள் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகைச்சுவை எல்லோருக்கும் வராது.

அடுத்தது சீர். இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நான் எதையும் கேட்கவில்லை. ஏற்கெனவே கொடுக்கப்போவதாகச் சொன்னதை ஒழுங்குபடுத்தினேன், அவ்வளவுதான். கட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். நான் குடியிருப்பது மாடி வீடு. மாடிப்படி திரும்புகிற இடத்தில் கட்டில் திரும்பாது. பீரோவும் திரும்பாது. இது இயற்பியல், இதில் மனஸ்தாபத்துக்கு இடமே இல்லை. திரும்பாத கட்டிலை வாங்கி என்ன செய்வது? அதற்குரிய தொகையைக் கொடுத்தால் மண்டப வாடகையில் ஒரு பகுதி தீரும். இலை? சமையல்காரர் ஓர் இலைக்கு இவ்வளவு என்று பேசும்போதே வாழை இலையும் அதற்குள் அடக்கம். மாமன் வேறு ஒரு லோடு இலை கொண்டுவந்தால் மாட்டுக்குத்தான் போட வேண்டும். ஆகவே இலைக்குரிய தொகை. மேளம்? ஸ்பீக்கரில் போட்டால் அதே கெட்டிமேளம்தான், தாலி ஏறாமல் போய்விடாது. ஆகவே மேளத்துக்குரிய தொகை. தட்டு வரிசையில் பழம் அழுகும். விளக்கு என் அம்மாவிடமே இரண்டு இருக்கிறது. வாழைமரம் சாயங்காலத்துக்குள் வாடிவிடும். இப்படி ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது மேடம். நீங்கள் எந்த ஒன்றை வேண்டுமானாலும் தனியாக எடுத்து என்னோடு வாதம் செய்யலாம்.

பூங்கோதை வாதம் செய்யவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “உங்க வீட்டுல எடுக்கற கூறைப்புடவை? அதுவும் தொகையா?”

“அது எப்படி? அது பண்பாடு” என்றேன்.

“அப்ப அது உங்க செலவு.”

“பண்பாடு என்பதால் பொதுச் செலவில் சேர்த்திருக்கிறேன். ஆளுக்குப் பாதி.”

“என் கூறைப்புடவைக்கு நான் பாதி” என்றாள். திருப்பிச் சொல்லிப் பார்ப்பது நல்ல மாணவியின் அடையாளம். புரிந்துகொண்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

“மாமாகிட்ட இதை யாரு சொல்றது?” என்றாள்.

“நானே சொல்கிறேன்.”

“சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க” என்றாள். இரண்டு முறை சொன்னாள்.

தொட்டியத்துக்குக் காலை பஸ்ஸில் போனேன். மண்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, தகரக் கூரை, இலைக்கட்டு, சாக்கு. வாசலில் அவருடைய குட்டி லாரி நின்றது. நெற்றியில் ‘பூங்கோதை’ என்று எழுதி, இரண்டு பக்கமும் தாமரை வரைந்து வைத்திருக்கிறார். ரசனை அப்படி. ஒரு சாக்கை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். ஒரு சீப்புப் பூவன் பழத்தை மடியில் வைத்தார். வேண்டாம் என்றால் கேட்கிற மனிதரில்லை.

நான் விளக்கினேன். பொருளாகக் கொடுப்பதில் உள்ள விரயம், தொகையாகக் கொடுப்பதில் உள்ள வசதி, மாடிப்படி திரும்புகிற கோணம், எல்லாம். இடையில் குறுக்கிடாமல் கேட்டார். இலைக்கட்டு கட்டிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றுவிட்டது.

“ரொக்கமாவா மாப்ள?” என்றார்.

“ரொக்கம் வேண்டாம். வங்கி மூலமாகவே அனுப்பலாம். எனக்கு ஒளிவு மறைவு பிடிக்காது.”

“மொத்தம் எவ்வளவு வருதுங்க?”

சொன்னேன். இங்கே தொகை முக்கியமில்லை. கேட்கிறீர்களா? சரி, நடுத்தரமான ஒரு பழைய கார் வாங்கலாம். ஆனால் அது பல சிறு தொகைகளின் கூட்டல், அதை மறந்துவிடக் கூடாது.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு சிரித்தார். “எங்க சனத்துல இதுவரைக்கும் கேட்டவங்க எல்லாம் தலையக் குனிஞ்சிக்கிட்டுதான் கேட்டிருக்காங்க மாப்ள. ரெண்டு பெரியவங்கள அனுப்பிக் கேப்பாங்க. வெத்தலை மடிக்கிற சாக்குல கேப்பாங்க. நீங்க நேரா வந்து, நிமிந்து உக்காந்து, வெளக்கிச் சொல்றீங்க. படிப்புன்னா படிப்புதான்.”

ஒரு மண்டிக்காரர் கல்வியின் மதிப்பை இவ்வளவு தெளிவாக உணர்ந்து பேசி நான் கேட்டதில்லை. நெகிழ்ந்துவிட்டேன், மேடம். “உங்களைப் போல எல்லோரும் புரிந்துகொண்டால் நாடு உருப்படும்” என்றேன்.

“குடுத்துர்றேன் மாப்ள. புள்ள நல்லா இருக்கணும், அவ்வளவுதான்” என்றார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குட்டி லாரியில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே வந்தார்.

இதில் எங்கே தவறு, சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொண்டார். மறுக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? அந்த வண்டியை விற்க ஆள் பார்த்தார். நான் சொன்னேனா விற்கச் சொல்லி? இதைத்தான் அமைப்புசாராத் தொழிலின் குறைபாடு என்று நாங்கள் வகுப்பில் சொல்வோம். பிறகுதான் கேள்விப்பட்டேன். இலை அவருடைய மண்டியிலேயே கிடக்கிறது. மேளக்காரர் அவருடைய பள்ளித் தோழராம், அவர் மகள் கல்யாணத்துக்கு இவர் இலை கொடுத்திருக்கிறாராம், கணக்கு நேராகிவிட்டது. கட்டிலும் பீரோவும் பங்காளி கடையில் தவணைக்கு. வாழைமரம் எவனோ ஒரு தோட்டக்காரன் சும்மா வெட்டிக் கொடுப்பான். ஆக, பொருளாகக் கொடுத்தால் அவர் கையை விட்டுப் போவது அநேகமாக ஒன்றுமே இல்லை. அப்படியென்றால் அன்றைக்கே அதைச் சொல்லியிருக்க வேண்டாமா? நான் கடைவிலையை வைத்துக் கணக்குப் போட்டேன். கடைவிலை இல்லாத ஒரு மனிதரை வைத்துக்கொண்டு எந்தப் பொருளாதார நிபுணன் என்ன செய்ய முடியும்?

அடுத்த ஞாயிறு அதே ஹோட்டல். நான் உட்காருவதற்குள் அவளே இரண்டு டீ சொல்லிவிட்டாள். குடித்து முடித்ததும் இரண்டுக்கும் அவளே பணம் கொடுத்தாள். முறை தவறுகிறது என்று எடுத்துச் சொன்னேன்.

“இருக்கட்டுங்க. இன்னிக்கு ஒரு நாள் என் செலவு” என்றாள். பிறகு, “மாமா வண்டிய விக்கப் போறாரு, தெரியுமா?” என்றாள்.

“அது அவருடைய முடிவு. நான் தொகையைத்தான் சொன்னேன், வழியைச் சொல்லவில்லை.”

“ஆமா. வழி நீங்க சொல்லலை.” கைப்பையைத் திறந்து நிச்சய மோதிரப் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். “நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே நானும் உக்காந்து யோசிச்சுப் பாத்தேங்க. எதெதை அடிச்சா செலவு கொறையும்னு. மாப்பிள்ளைச் செலவுதான் ரொம்ப அதிகமா இருந்துச்சு. அடிச்சிட்டேன்.”

“மாப்பிள்ளைச் செலவு என்று தனியாக ஒன்றும் போடவில்லையே. எந்தச் செலவு?”

“முழுசா” என்றாள். எழுந்து போய்விட்டாள்.

‘முழுசா’ என்பது ஒரு பதிலா? எழுவாய் இல்லை, பயனிலை இல்லை. சர்வர் வந்து வேறென்ன வேண்டும் என்றான். அவன் முகத்திலேயே ஓர் இளிப்பு. ஹோட்டல்காரர்களுக்கு அடுத்தவர் பேச்சைக் கேட்பதுதான் முழுநேர வேலை.

சிங்காரத்துக்குப் போன் செய்தேன். அவராவது நியாயம் பேசுவார் என்று நினைத்தேன். “புள்ள வேணாங்குது மாப்ள” என்றார். அப்போதும் மாப்ள. “நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். வண்டி போனா போகுதுன்னேன். வண்டி நெத்தியில என் பேரு இருக்கு மாமா, அதை வித்துட்டு எனக்குத் தாலியான்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்ல? நீங்க மனசுல வச்சுக்காதீங்க. பூவன் தாரு நல்லா வந்திருக்கு, ஒண்ணு அனுப்பி வைக்கட்டுங்களா?” இவர்களோடு தர்க்கமே நடத்த முடியாது, மேடம். ஒரு பக்கம் நிச்சயத்தை முறிக்கிறார்கள், இன்னொரு பக்கம் வாழைத்தார் அனுப்புகிறார்கள்.

அனுப்பினார். வந்தது. என் அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். “கட்டிலும் பீரோவுமே வாங்கியிருக்கலாம்டா. கீழ் வீட்டு மாமி வீட்டுலயாவது போட்டு வச்சிருக்கலாம்” என்று இன்றைக்கு வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நான் இழந்தது கட்டிலும் பீரோவும்.

எனக்கு? இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கால் தானாகச் சத்திரம் பக்கம் போகிறது. போய் ஒரு டீ குடிக்கிறேன். ஒரு டீ ஒரு ஆளுக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அது கிடக்கட்டும், பதிவுக்குத் தேவையில்லாத செய்தி.

ஆகவே காரணம் என்று கேட்கிறவர்களுக்கு நீங்கள் இப்படிச் சொல்லலாம்: ‘பெண் வீட்டாருக்குச் சிக்கனத்தில் நம்பிக்கை இல்லை.’ சுருக்கமாக இருக்கிறது, யாரையும் குறை சொல்லவும் இல்லை. ‘மாப்பிள்ளை வரதட்சணை வேண்டாம் என்றவர்’ என்பதை முதலில் சொல்லிவிட்டு இதைச் சொன்னால் இன்னும் எடுப்பாக இருக்கும். என்ன சிரிக்கிறீர்கள்? இல்லையா? தும்மலா? சரி.

பதிவுக் கட்டணம் மறுபடியும் கட்ட வேண்டுமா? போன தடவை கட்டியதற்குக் கல்யாணம் நடக்கவில்லையே. சேவை முழுமையடையாதபோது அதே கட்டணம் தொடர வேண்டும் என்பதுதான் முறை. முடியாதா? பாதி? பாதியாவது? பரவாயில்லை, முழுதுமே கட்டுகிறேன், எனக்குப் பணம் பெரிதில்லை.

புது எதிர்பார்ப்பு ஏதாவது உண்டா என்றா கேட்கிறீர்கள்? எதுவும் இல்லை. நகை வேண்டாம், ரொக்கம் வேண்டாம், போன தடவை சொன்னதேதான். பெண்ணுக்குத் தாய்மாமன் இல்லாமல் இருந்தால் நல்லது. இருந்தால், அவர் என்ன சீர் செய்வதாக இருக்கிறார், அதன் மதிப்பு என்ன என்பதை நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடட்டும். பிறகு மனக்கசப்பு வராது பாருங்கள். மற்றபடி ஒரு குண்டுமணி நான் எதிர்பார்க்கவில்லை.

இந்தாருங்கள் படம். அதே படம்தான், முடி மட்டும் இப்போது இன்னும் கொஞ்சம் குறைவு. முதல் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

மேடம். மேடம், நீங்கள் திறந்திருப்பது பழுப்பு ஆல்பம்.